பெரியப்பாவின் கொப்பியும் மதினியின் போனும்

பெரியப்பா வைத்திருந்தது எண்பது பக்க எழுத்துக் கொப்பி. பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு அச்சடித்திருக்கும். தேர்தல் வந்தால் போதும், தகரப் பெட்டிக்குள்ளிருந்து அது வெளியே வரும். ஒரு லயத்துக்கு ஒரு பக்கம். பக்கத்தின் இடது ஓரத்தில் காம்பரா இலக்கம், அதற்கு நேரே ஓட்டுள்ள தலைகளின் கணக்கு, அதற்கும் நேரே சின்னம். சின்னத்தை எழுத மாட்டார், வரைவார். ஆனைக்குத் தும்பிக்கை போல ஒரு வளைவு. நாற்காலிக்கு மூன்று கோடு. பிடிகொடுக்காத வீட்டுக்கு ஒரு புள்ளி. 1994ஆம் ஆண்டுக் கொப்பியில் மொத்தம் நான்கே நான்கு புள்ளிகள்தான். அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம்: "நாலு வீடுதான்டா மழுப்புது. மிச்சமெல்லாம் நம்ம கையில."

பதுளையிலிருந்து பசறைக்குப் போகிற ரோட்டில் இறங்கி மேலே ஏற வேண்டிய தோட்டம் எங்களுடையது. பெரியப்பா அங்கே தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் கூடும்போதே அவருக்கு வேலை தொடங்கிவிடும். யாருக்குப் பேர் போடவில்லை, யாருக்கு அரைப் பேர் போட்டார்கள், யார் வீட்டுக் கூரைத் தகரம் பறந்தது என்று துரையோடும் கணக்கப்பிள்ளையோடும் பேசுவது அவர்தான். தேர்தல் காலத்தில் அதே வாய் சின்னம் பேசும். கொழும்பிலிருந்து சங்கத்தின் முடிவு அட்டனுக்கு வரும், அட்டனிலிருந்து பதுளை ஆபீசுக்கு, அங்கிருந்து மாவட்டத் தலைவர் வழியாகத் தோட்டத்துக்கு. ஒரு கூட்டம், ஒரு மாலை, ஒரு பேச்சு. அடுத்த நாள் கொப்பி நிரம்பிவிடும்.

தேர்தல் கணிப்பு என்றால் அன்று எங்களுக்குத் தெரிந்தது இதுதான். இதற்கும் முந்தி ஒரு காலம் இருந்தது. அப்போது கணிக்கவே ஒன்றுமில்லை.

1947இல் இலங்கையின் முதல் நாடாளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, பதுளையில் எஸ்.எம். சுப்பையா என்று தோட்டத்து ஓட்டு ஆட்களை அனுப்பியது. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். அதற்கடுத்த ஆண்டு தேர்தல் சட்டத்திலும் திருத்தம். 1952 தேர்தலுக்கு வாக்காளர் இடாப்பைத் திறந்தபோது லயங்களில் பெரும்பாலானோருக்கு அதில் பெயரே இல்லை. பிறகு 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், இத்தனை இலட்சம் பேர் அங்கே, இத்தனை இலட்சம் பேர் இங்கே என்று இரண்டு தலைநகரங்கள் எண்ணிப் பிரித்துக்கொண்டன. "நீ எங்கே இருக்க விரும்புகிறாய்" என்ற கேள்வியை ஒரு படிவத்தில் கேட்டார்கள், அதையும் கருத்துக்கணிப்பு என்று சொல்லலாம் என்றால்! பெரியப்பாவின் சொந்தத் தம்பி ஒருவர் அந்தப் படிவத்தை நிரப்பி மண்டபம் போய் நீலகிரிப் பக்கம் சேர்ந்தார். பெரியப்பா இங்கே தங்கினார். 1988இன் 39ஆம் இலக்கச் சட்டம் வந்து நாடற்றவர் என்ற பெயர் பெரும்பாலோரை விட்டு நீங்கியபோது அவருக்கு நாற்பது கடந்துவிட்டது. அந்த வருடம் டிசம்பரில்தான் வாழ்க்கையில் முதல் புள்ளடி போட்டார்.

ஓட்டில்லாதவனிடம் கருத்துக் கேட்க யாருக்கும் தேவையிருக்காது. நாற்பது ஆண்டுகள் யாருமே கேட்காத ஒரு சனத்திடம் ஓட்டு வந்து சேர்ந்தபோது, அதை ஒரு சொந்தப் பொருளாகப் பார்க்கும் பழக்கம் வருவதற்கு முன்பே அதை மொத்தமாக வாங்கி மொத்தமாகக் கொடுக்கும் ஏற்பாடு தயாராக இருந்தது. சங்கச் சந்தா செக்ரோலிலேயே பிடிபடும். ஓட்டும் ஏறத்தாழ அப்படித்தான். பிறப்புச் சான்றிதழில் பிழை திருத்த, அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க, ஆஸ்பத்திரிக்கு லொறி கேட்க, எல்லாவற்றுக்கும் தலைவர் வேண்டும். அவர் சின்னம் சொல்லும்போது எதிர்த்துப் பேச யாருக்கு மனம் வரும்? பெரியப்பா கொப்பியில் வரைந்த தும்பிக்கைகள் சனத்தின் கருத்தா, பெரியப்பாவின் செல்வாக்கா என்று கேட்டால் இரண்டாவதுதான் என்பேன். ஒருவர் வாயைக் கேட்டு முந்நூறு ஓட்டை எண்ணிவிடலாம் என்றால் கணிப்பு சுலபம்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் அவருக்கு "சொன்னா சொன்னதுதான்" என்று பெயர். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று வெகுநாள் கழித்து யோசித்தேன். எங்கள் தோட்டத்துப் பாடசாலையில் வாக்களிப்பு நடக்கும். பெட்டியை முத்திரையிட்டுப் பதுளைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே வேறு நிலையங்களின் பெட்டிகளோடு சேர்த்து எண்ணுவார்கள். அறிவிப்பது தேர்தல் தொகுதி முடிவு. பதுளை மாவட்டத்தில் அப்படி ஒன்பது தொகுதிகள்: மகியங்கனை, வியலுவ, பசறை, பதுளை, ஹாலிஎல, ஊவா பரணகம, வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை. எங்கள் தோட்டத்து முந்நூறு ஓட்டு யாருக்கு விழுந்தது என்பது ரேடியோவில் வரவே வராது. பெரியப்பா ஒருபோதும் தவறவில்லை, ஏனென்றால் தவறினாலும் தெரிய வழியில்லை. இன்றைக்குக் கருத்துக்கணிப்புக்காரர்களைத் தூற்றும்போது இதை நினைத்துக்கொள்வேன். அவர்கள் எண்ணை அச்சில் போடுகிறார்கள், சில வாரத்தில் தேர்தல் வந்து அதை எல்லார் முன்னாலும் சரிபார்க்கிறது. எந்தத் தலைவரின் கொப்பிக்கும் அந்தச் சோதனை நடந்ததில்லை.

1994 நவம்பரில் சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க நாற்காலிச் சின்னத்தில் ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுக்க வாரிக் கொண்டுபோனார். அவர் தோற்ற தேர்தல் தொகுதி ஒன்றே ஒன்று, அது எங்கள் மாவட்டத்து மகியங்கனை. அப்போது பெரியப்பாவை இஸ்தோப்பில் வைத்து யாரோ சீண்டினார்கள், "என்ன தலைவரே, நாடு ஒரு பக்கம், நம்ம ஆளுக ஒரு பக்கமா?" என்று. அவர் கொப்பியை மூடிவிட்டு வெற்றிலை மடித்தார்.

சங்கம் சொன்னால் தோட்டம் கேட்கும் என்ற கணக்கு உடைந்ததை நுவரெலியா மாவட்டத்தில்தான் தெளிவாகப் பார்க்க முடிந்தது. மலையகத்தின் பெரிய சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் 2010இல் மகிந்த ராஜபக்சவை ஆதரித்தது, மாவட்டம் சரத் பொன்சேகாவுக்குப் போட்டது. 2015இல் மறுபடி மகிந்தவை ஆதரித்தது, மாவட்டம் மைத்திரிபால சிறிசேனவுக்கு. 2019இல் கோட்டாபய ராஜபக்சவை ஆதரித்தது, மாவட்டம் சஜித் பிரேமதாசவுக்கு. 2024இல் ரணில் விக்கிரமசிங்கவை ஆதரித்தது, மாவட்டம் மறுபடி சஜித்துக்கு. நான்கு தடவை நான்கும் எதிர்ப்பக்கம். போட்டி அணிகளும் எதிர்ப்பக்கம் நின்று பிரசாரம் செய்தன என்பது உண்மை. என்றாலும் பெரியப்பா காலத்து ஆள் இதைக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

எங்கள் பதுளை இருக்கும் ஊவாவின் கதை அவ்வளவு நேர்கோடு இல்லை. இங்கே தோட்டத் தமிழர் மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். ஓட்டு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது மற்றவர்களின் ஓட்டோடு கலந்துதான் வெளியே வரும். ஆகவே யாரும் எங்களைத் தனியாகப் பார்த்துக் கணிப்பதில்லை. ஆனால் ஒருமுறை இந்த மாகாணமே நாட்டுக்கு ஒரு கருத்துக்கணிப்பாக அமைந்தது.

2014 செப்டெம்பர் 20, ஊவா மாகாண சபைத் தேர்தல். மாகாணத் தேர்தல்களை ஒரே நாளில் வைக்காமல் ஒவ்வொன்றாக வைத்து நாடி பிடித்துப் பார்ப்பது அன்றைய அரசின் வழக்கம். ஊவா கடைசி நாடி. 2009இல் இதே மாகாணத்தில் ஆளும் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 72 சதவீத ஓட்டு எடுத்திருந்தது. 2014இல் அது 51 சதவீதம். 34 ஆசனத்தில் 25 வைத்திருந்தவர்கள் 19க்கு இறங்கினார்கள். நாடாளுமன்றப் பதவியை விட்டுவிட்டு வந்து நின்ற ஹரின் பெர்னாண்டோவின் தலைமையில் ஐக்கிய தேசியக் கட்சி 7இலிருந்து 13க்கு ஏறியது. ஆயிரம் பேரைக் கேட்டுச் சொன்ன கணிப்பு இல்லை இது. இலட்சக்கணக்கானோர் வரிசையில் நின்று சொன்னது. "வென்றுவிட்டோம்" என்று பட்டாசு வெடித்தவர்களுக்கும் உள்ளுக்குள் தெரிந்திருக்கும். இனியும் பொறுத்தால் இன்னும் கீழே போகும் என்ற கணக்கில்தான், பதவிக்காலம் இரண்டு வருடம் மிச்சமிருக்கும்போதே நவம்பர் 20இல் ஜனாதிபதித் தேர்தலை அறிவித்தார்கள். நாள் குறித்ததில் சோதிடருக்கும் பங்குண்டு. அரண்மனைச் சோதிடராக அறியப்பட்ட சுமணதாச அபேகுணவர்த்தன, வெற்றி நிச்சயம் என்று சொன்னவர். ஊவா சொன்னதைவிட அவர் சொன்னது இனிப்பாக இருந்தது போலும். மறுநாளே மைத்திரிபால கட்சி தாண்டினார்.

2015 ஜனவரி 8. அன்றிரவு பதுளையில் யாரும் தூங்கவில்லை. மாவட்ட முடிவு வந்தபோது மைத்திரிபால சிறிசேன 2,49,524. மகிந்த ராஜபக்ச 2,49,243. வித்தியாசம் 281.

அந்த எண்ணை நான் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வெகுநாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன். 281 ஓட்டு என்றால் ஏறத்தாழ எங்கள் தோட்டம் முழுவதும். பத்தாயிரம் பேர் ஓட்டுப் போட்டால் அதில் ஐந்தாறு பேர். அந்த ஐந்தாறு பேரை எது திருப்பியது? ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது, உயிர் தப்பியவர்கள் அப்போதும் முகாமில்தான் இருந்தார்கள். அதுவா? டிசம்பர் கடைசியில் உமா ஓயா சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டு, பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றத் தொடங்கின. அதுவா? கொழும்புக் கடையில் வேலை செய்யும் பொடியன்கள் பஸ் கிடைத்து ஊருக்கு வந்து சேர்ந்ததா? ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒன்று மட்டும் கணக்காகச் சொல்லலாம்: மூன்று சதவீதம் கூடலாம், மூன்று சதவீதம் குறையலாம் என்று அடிக்குறிப்புப் போடுகிற எந்தக் கணிப்பும் இந்த 281ஐப் பார்க்க முடியாது. மூன்று சதவீதம் என்றால் பதுளையில் பதினைந்தாயிரம் ஓட்டு.

விஞ்ஞான முறைக் கணிப்புகள் இலங்கைக்குப் புதியவை அல்ல. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் ஆய்வுப் பிரிவான சோஷியல் இண்டிகேட்டர் 1999இலிருந்து மூன்று மொழிகளிலும் கேட்டு வருகிறது. மலையகத் தமிழரைத் தனி இனப்பிரிவாகக் காட்டும் நல்ல பழக்கம் அவர்களுக்கு உண்டு. வெரிட்டே ரிசர்ச் நிறுவனம் 2022இலிருந்து 'நாட்டின் மனநிலை' என்று அவ்வப்போது வெளியிடுகிறது. சுகாதாரக் கொள்கை நிறுவனம் 2021இலிருந்து தொலைபேசியில் நாள்தோறும் கேட்டு மாதந்தோறும் மதிப்பிடுகிறது. கெட்டிக்காரர்கள், செய்முறையை ஒளிக்காதவர்கள். சிக்கல் அவர்கள் நேர்மையில் இல்லை, எங்கள் தொகையில் இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் தோட்டப்புற மக்கள் நாட்டில் 4.4 சதவீதம். நாடு முழுக்க ஆயிரம் பேரைக் கேட்டால் தோட்டத்திலிருந்து 44 பேர் வரவேண்டும். அதில் நுவரெலியாவுக்குப் பெரும் பங்கு போக, பதுளை மலைகளுக்கு ஏழெட்டுப் பேர் மிஞ்சினால் அதிகம். எட்டுப் பேரை வைத்து ஊவாத் தோட்டங்கள் இப்படி நினைக்கின்றன என்று சொன்னால், பிழை அப்படியோ இப்படியோ முப்பத்தைந்து சதவீதம் போகும்.

அந்த எட்டுப் பேரும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. நாலு பேர் கிடைத்தால் ஆளுக்கு இரண்டு மதிப்புக் கொடுத்து எட்டாக்குவார்கள். அதற்கு அவர்களிடம் நியாயமான சூத்திரம் இருக்கிறது. ஆனால் இதைத் தோட்டத்தில் விளக்கப் போனால் சிரிப்பார்கள். மழை நாளில் கொழுந்து நிறுத்ததும் ஈரத்துக்கு இத்தனை, சாக்குக்கு இத்தனை என்று கிலோ கழிப்பது அவர்களுக்குத் தெரியும். கழிக்க வேண்டியது நியாயம்தான், ஈரக் கொழுந்து பாரம் கூடக் காட்டும். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் நூறு வருடச் சண்டை. கணிப்புக்காரரின் கூட்டலும் கழித்தலும் அதே இனம். கையில் வந்த எண்ணை யாரும் அப்படியே தருவதில்லை, நிறுத்துத் திருத்தித்தான் தருகிறார்கள்.

இனி மதினியின் போன்.

2024 ஓகஸ்ட், ஒரு சனிக்கிழமை. நான் ஊருக்குப் போயிருந்தேன். மதினி அரை நாள் வேலை முடிந்து வந்து, இடுப்புப் படங்கை அவிழ்த்து இஸ்தோப்புக் கம்பியில் போட்டுவிட்டு, காலில் அட்டை கடித்த இடத்தில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. திரையில் 011 இலக்கம். ஈரக் கையோடு எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம் அம்மா. நாங்கள் கொழும்பிலிருந்து பேசுகிறோம். ஒரு பொதுசன அபிப்பிராய ஆய்வு. உங்கள் வயது பதினெட்டுக்கு மேற்பட்டதா?"

நல்ல குரல், பொறுமையான பிள்ளை. யாழ்ப்பாணப் பக்கத்துத் தமிழ். மதினி சட்டென்று எழுந்து நின்றுவிட்டார்.

"அஸ்வெசுமவாங்க? நாங்க மேன்முறையீடு போட்டிருக்கோம், இன்னும் வரல."

"இல்லை அம்மா, அது வேறு. இது அபிப்பிராய ஆய்வு."

"சரிங்க. சொல்லுங்க."

அரிசி விலை, மருந்து, நாடு போகிற திசை என்று சில கேள்விகள். எல்லாவற்றுக்கும் "பரவாயில்லங்க" என்றார். முந்தின நாள் ராத்திரிதான் இதே மதினி மண்ணெண்ணெய் விலையைச் சொல்லி அரசாங்கத்தை மூன்று தலைமுறைக்குச் சேர்த்துத் திட்டியிருந்தார். பிறகு வந்தது அந்தக் கேள்வி: "வருகின்ற ஜனாதிபதித் தேர்தலில் எவருக்கு வாக்களிக்க உத்தேசித்துள்ளீர்கள்?"

மதினி என்னைப் பார்த்தார். அண்ணன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். பக்கத்துக் காம்பராவில் ரேடியோச் சத்தம் குறைந்தது.

"உத்தேசம்னாங்க?"

"யாருக்குப் போட யோசிக்கிறீர்கள் என்று, அம்மா."

"யோசிக்கலங்க."

"கொஞ்சமாவது ஒரு பக்கம் மனம் சாய்ந்திருக்குமே?"

"எல்லாரும் நல்லவங்கதாங்க."

அந்தப் பிள்ளை நன்றி சொல்லி வைத்தாள். எங்கோ ஒரு கணினியில் "தீர்மானிக்கவில்லை" என்று ஒரு கட்டம் நிரம்பியிருக்கும். போனை வைத்ததும் மதினி கேட்ட முதல் கேள்வி: "நம்ம நம்பர் அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கணினி கண்ணை மூடிக்கொண்டு இலக்கங்களைப் போடும், அதில் உங்களுடையது விழுந்தது என்று விளக்கினேன்.

"எனக்கா விழணும்? இத்தன வருசமா லொத்தர் ஒண்ணு விழல."

"சரி மதினி, யாருக்குன்னு சொல்லியிருக்கலாமே. பேர்கூடக் கேக்கலையே."

"தம்பி, நீங்க டவுன்ல இருக்கீங்க," என்றார். அதற்குமேல் விளக்கவில்லை.

விளக்கவும் தேவையில்லை. 1983 ஜூலையில் பதுளை நகரத்துத் தமிழ்க் கடைகள் எரிந்த புகையை மலைமேலிருந்து பார்த்தவர்கள் வீட்டில் பிறந்தவர் அவர். 2000 ஒக்டோபர் 25இல் பண்டாரவளை பிந்துனுவெவ முகாமில் தமிழ்ப் பையன்கள் கொல்லப்பட்டபோது இளம்பெண். முன்பின் தெரியாத குரல் வந்து "நீ எந்தப் பக்கம்" என்று கேட்டால் இந்த மலைகளில் தலைமுறையாகப் பழகிய பதில் "எல்லாரும் நல்லவங்க" என்பதுதான். அது பொய்யில்லை, கதவுக்குத் தாழ்ப்பாள். அதோடு இப்போது அஸ்வெசும நலன்புரி உதவிப் பட்டியல், வீட்டுத் திட்டம், காணி உறுதி என்று ஆயிரம் விண்ணப்பம் அரசாங்க மேசைகளில் கிடக்கிறது. 011இல் தொடங்கும் எந்த அழைப்பும் அந்த மேசைகளில் ஒன்றிலிருந்து வருவதாகத்தான் தோன்றும்.

இந்த வாயடைப்பு எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. 2024 ஜூன் முதலாம் திகதி இந்தியாவில் வந்த வாக்களிப்புக்குப் பிந்திய கணிப்புகளில் ஆக்சிஸ் மை இந்தியா, ஆளும் கூட்டணிக்கு 361 முதல் 401 வரை என்றது. வந்தது 293. நிறுவனத்தின் தலைவர் பிரதீப் குப்தா தொலைக்காட்சியிலேயே அழுதார். ஏழைகளும் தலித்துகளும் கேட்டவரிடம் மனதைத் திறக்கவில்லை என்று பலர் அப்போது காரணம் சொன்னார்கள். தமிழ்நாட்டில் 2016இல் பெரும்பாலான கணிப்புகள் தி.மு.க.வை ஆட்சியில் உட்காரவைத்தன, ஜெயலலிதா திரும்பி வந்தார். இன்னும் பின்னால் போனால் 1936இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை இருபது இலட்சத்துக்கு மேல் பதில்களைச் சேர்த்து லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். பத்திரிகை முகவரி எடுத்தது டெலிபோன் வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் பட்டியலிலிருந்து. அதை வாசிக்கும்போதெல்லாம் எங்கள் பள்ளத்து லயம்தான் ஞாபகம் வரும். அங்கே சிக்னல் வேண்டுமானால் மாரியம்மன் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். பெண்கள் மலையில் நிற்கும் பகல் முழுக்கப் போன் ஆண்கள் கையில். பொடியன்களின் போன் கொழும்பில் அடிக்கும், ஓட்டு பதுளையில் இருக்கும்.

ஆனாலும் 2024இல் கணிப்புக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. சுகாதாரக் கொள்கை நிறுவனத்தின் ஜூலை வரையான மதிப்பீடுகளில் சஜித் முன்னால் நின்றார், ஓகஸ்ட் மதிப்பீட்டில் அநுரகுமார திசாநாயக்க முந்தினார். செப்டெம்பர் 21இல் அநுரவே முதலில் வந்தார், 42 சதவீதம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் இலங்கை வரலாற்றில் முதல் தடவையாக விருப்பு வாக்குகளையும் எண்ணினார்கள். நாட்டின் போக்கைக் கருவி பிடித்துவிட்டது. பதுளையை? இந்த மாவட்டம் தனிவழி போய் சஜித்தை முதலில் வைத்தது. "தோட்டம் எப்பவும் அப்பிடித்தான்" என்று டவுனில் பேசினார்கள். அந்தப் பேச்சு ஐம்பத்து நாலு நாள்தான் நின்றது. நவம்பர் 14 பொதுத்தேர்தலில் இதே பதுளை அநுரவின் தேசிய மக்கள் சக்திக்கு ஒன்பதில் ஆறு ஆசனங்களைக் கொடுத்தது. தோட்டத்துத் தமிழர் இருவர், கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும், திசைகாட்டிச் சின்னத்தில் நாடாளுமன்றம் போனார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் மக்கள் ஓட்டில் அங்கே நுழைந்தது அந்தத் தேர்தலில்தான். செப்டெம்பரில் பொடியன்களின் டிக்டொக் கணிப்புகளில் ஓடிய திசைகாட்டியைப் பெரியவர்கள் "விளையாட்டு" என்று தள்ளியிருந்தார்கள். விளையாட்டுதான். அடித்தது யார், எங்கிருந்து, எத்தனை தடவை என்று தெரியாத கணிப்பு அது. நவம்பரில் ஒத்துப்போனது என்பதற்காக அதை நம்பத் தொடங்கினால் அடுத்த முறை தெரியும்.

அந்த ஐம்பத்து நாலு நாளில் மதினி என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. செப்டெம்பரில் ஒன்று, நவம்பரில் வேறொன்றா? இரண்டிலும் ஒன்றேதானா? ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவரிடம் அண்ணனே கேட்கவில்லை. பெரியப்பா காலத்தில் கேட்காமலே தெரியும் என்றிருந்தோம். இப்போது கேட்டாலும் தெரிவதில்லை. அந்தக் காலத்தில் கணிப்புச் சரியாக இருந்தது சனத்துக்குத் தனித்தனிக் கருத்து இல்லாததால் என்று நான் நீண்டநாள் நம்பினேன். எழுதியும் இருக்கிறேன்.

பெரியப்பா போய்ப் பல வருடமாகிறது. நவம்பர் முடிவு வந்த வாரம் பெரியம்மா தகரப் பெட்டியை ஒதுக்கச் சொன்னார். பழைய சந்தாப் பற்றுச்சீட்டு, ஒரு மாலையின் காய்ந்த நார், அதற்கடியில் 1994ஆம் ஆண்டுக் கொப்பி. கரையான் ஓரத்தைத் தின்றிருந்தது. லயம் லயமாகத் திருப்பினேன். நாலு புள்ளிகளும் அப்படியே இருந்தன. எங்கள் லயத்துப் பக்கத்தில் அவருடைய சொந்தக் காம்பராவுக்கு நேரே தலை இரண்டு, ஆனை இரண்டு. மற்ற வீடுகளைவிட இந்தத் தும்பிக்கைகளைக் கொஞ்சம் அழுத்தியே வரைந்திருந்தார்.

வாசித்துக் காட்டினேன். பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, காது மட்டும் கூர்மை.

"ரெண்டா போட்டிருக்காரு?"

"ரெண்டுதான் பெரியம்மா. நீங்களும் அவரும்."

பொக்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நான் நாற்காலிக்குல்ல போட்டேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"கேட்டாத்தானே தெரியும்."

இந்தத் தடவை யாருக்கு என்று கேட்டேன். கொப்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "இருட்டுறதுக்குள்ள பீலில ரெண்டு குடம் தண்ணி எடுத்துட்டு வா" என்றார்.